இரணைமடுக் குளத்தின் நீர்மட்ட நிரல் மூடும்போது மட்டும் ஏன் உடைகிறது?

குளத்தின் நீர்மட்டத்தை அளந்து பதியும் உங்கள் நிரல் மூடும்போது மட்டும் உடைகிறது என்றீர்கள். நீங்கள் காட்டிய சி++ கிளாஸில் நீர்மட்ட உணரி முதலிலும் லாக் கோப்பு (அளவீடுகளைப் பதியும் கோப்பு) அதற்கடுத்தும் அறிவிக்கப்பட்டுள்ளன. உணரியின் டிஸ்ட்ரக்டர் (பொருள் அழியும்போது தானாக ஓடும் பகுதி) கடைசி நீர்மட்டத்தை லாக்கில் எழுதுகிறது. கோளாறு அங்கேதான். சி++ ஒரு கிளாஸின் உறுப்புகளை அறிவித்த வரிசையில் உருவாக்கி, தலைகீழாக அழிக்கும். எனவே லாக் முதலில் அழிந்துவிட, உணரி ஏற்கனவே அழிந்த பொருளில் எழுதப் போகிறது. சில வேளை உடையும், சில வேளை உடையாமல் தப்பும், தப்புவதுதான் ஆபத்து. கன்ஸ்ட்ரக்டரின் (பொருளை உருவாக்கும் பகுதி) தொடக்கப் பட்டியலில் வரிசையை மாற்றிப் பயனில்லை, கிளாஸுக்குள் அறிவித்த வரிசைதான் செல்லும். லாக்கை உணரிக்கு மேலே அறிவியுங்கள்.

ரஸ்ட் மொழிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் கவனம்: அங்கே உள்ளூர் மாறிகள் தலைகீழாக அழியும், ஸ்ட்ரக்ட் உறுப்புகளோ அறிவித்த வரிசையிலேயே அழியும். அதாவது இதே திருத்தத்தை அங்கே எதிர்மாறாகச் செய்யவேண்டும். ஜாவாவில் ஃபைனலைஸை (பொருளை நினைவகத்திலிருந்து நீக்குமுன் அழைக்கப்படக்கூடிய பகுதி) நம்பவேண்டாம். 2017இல் வந்த ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கதென அறிவித்துவிட்டது.

இன்னொன்று. குளக்கட்டில் திடீரென்று கரண்ட் நின்றால் எந்த மொழியிலும் டிஸ்ட்ரக்டர் ஓடாது. கடைசி அளவீட்டை அதில் எழுத விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் ஃபிளஷ் செய்து (நிரலிடம் தேங்கிய தரவை இயங்குதளத்துக்குத் தள்ளி), எஃப்சிங்க்கும் (அதை வட்டில் எழுதச் சொல்லும் அழைப்பு) அழையுங்கள். ஃபிளஷ் மட்டும் செய்தால் தரவு இயங்குதளத்தின் நினைவகத்திலேயே நின்றுவிடலாம்.