ஏடும் கல்லும்: திருகோணமலை வாசகர்கள் கேட்டவை

தம்பலகாமம்: ஐயா, பாட்டனாரின் வைத்திய ஏடுகளில் எழுத்து மங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் பூசலாமா?

வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். எழுத்தாணி ஓலையைக் கீறுகிறது. அந்தக் கீறலில் தடவிய கரி உதிர்ந்தமையால் மங்கித் தெரிகிறதேயன்றி, எழுத்து அழியவில்லை. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, சட்டப் பலகைகளுக்கிடையில் தளர்வாகக் கட்டி, ஈரமில்லாத நிழலில் வையுங்கள். மையேற்றுவதைப் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். லமினேட் செய்யவே செய்யாதீர்கள்.

நிலாவெளி: ஏட்டில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி ஏன் இல்லை?

குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சித் தவிர்த்தனர். எ-ஏ, ஒ-ஓ என்னும் குறில் நெடில் வேறுபாடும் பழைய ஏடுகளில் இல்லாமையால், ‘கெட்டான்’ என்பதும் ‘கேட்டான்’ என்பதும் ஒரே வடிவில் நிற்கும். எவன் கெட்டான், எவன் கேட்டான் என்பதை வாசிப்பவர்தான் இடமறிந்து தெளிய வேண்டும்.

மூதூர்: லமினேட் செய்தால் பாதுகாப்புத்தானே?

முதற் பதிலின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள்.

உவர்மலை: கோட்டை வாசலில் இருப்பதுதானே கோணேசர் கல்வெட்டு?

அன்று. வாசற் கல்லில் இணைக்கயல் என்னும் இரட்டை மீன் சின்னத்தோடு சிதைந்து நிற்பவை, கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்னும் மன்னன் செய்த திருப்பணியையும் பறங்கியரையும் (போர்த்துக்கேயரை) குறிக்கும் சில வரிகள். கோணேசர் கல்வெட்டு, பெயரில் மட்டுமே கல்லை வைத்துக்கொண்டு ஏட்டில் வழிவந்த நூல். கவிராச வரோதயன் பாடியதென்பர். 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். நூலோ படிமேல் படியாக எழுதப்பட்டு வந்தது.

சாம்பல்தீவு: ஏற்க மாட்டேன். ஏடு, பின்னோர் நுழைத்த வரிகளாகிய இடைச்செருகல் நிறைந்தது, கல்தான் சான்று.

இடைச்செருகலை நானும் மறுக்கவில்லை, அதற்காகத்தான் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தனர். ஆயினும் கல்லில் உடைந்த வரியை ஒப்புநோக்க இரண்டாம் கல் ஏது? கி.மு. 612இல் அசீரியத் தலைநகர் நினிவே எரிந்தபோது அங்கிருந்த, எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் பல சுட்ட செங்கல்போல் இறுகிப் பிழைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறு படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஓலை நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை, தம்பி. படியெடுத்தவர்களின் கை ஓயாதிருந்த வரையில்தான் நூல் நிலைத்தது.

கிண்ணியா: ஸ்கான் எடுத்தபின் ஏட்டை எறிந்துவிடலாமா?

கூடாது. கீறலின் ஆழமும் ஓலையின் வயதும் படத்தில் வாரா. ஸ்கானைச் சேமித்த கணினி வட்டும் பழுதாகும், ஆகவே ஸ்கானையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, அவ்வப்போது புதிய வட்டுக்கு மாற்றுங்கள்.

அன்புவழிபுரம்: ஓரிரு ஏடுகளை மட்டும் லமினேட்...

சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் ஓலையும் சேர்ந்து உரிந்து வரும். ஓரேடாயினும் வேண்டாம்.