"கிராஸ் நாய்க்கு நோயே வராது" என்று சொல்லி விற்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: லாப்ரடாரும் பூடுலும் கலந்த குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். தூய இனக் குட்டியைவிட விலை அதிகம். கேட்டால், "கலப்பு என்பதால் பரம்பரை நோய் வராது, டாக்டர் செக்கப் முடிந்தது, தடுப்பூசியும் போட்டாச்சு" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: குட்டியை வாங்குவது உங்கள் விருப்பம், அந்தப் பேச்சை மட்டும் வாங்காதீர்கள். பல பரம்பரை நோய்கள் வர, தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் ஒரே கெட்ட மரபணு வந்து சேர வேண்டும். இரண்டும் வேறு வேறு இனம் என்றால் அந்த வாய்ப்பு குறையும் என்பது வரைக்கும் சரி. ஆனால் விழித்திரை மெல்ல மெல்லச் செத்து நாயைக் குருடாக்கும் பிஆர்ஏ நோயின் ஒரே மரபணு லாப்ரடாரிலும் உண்டு, பூடுலிலும் உண்டு, காக்கர் ஸ்பேனியலிலும் உண்டு. இரண்டு பக்கமும் அதைச் சுமந்தால் கலப்பு என்ன செய்யும்? இடுப்பு மூட்டுக் கோளாறும் அப்படித்தான், லாப்ரடாருக்கும் வரும், பெரிய பூடுலுக்கும் வரும். பிரிட்டனில் காக்கர்-பூடுல் கலப்பான காக்கபூ, லாப்ரடார்-பூடுல் கலப்பான லாப்ரடூடுல், கவலியர் ஸ்பேனியல்-பூடுல் கலப்பான கவபூ மூன்றையும் அவற்றின் மூல இனங்களோடு 57 கோளாறுகளில் ஒப்பிட்டு 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ 87 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை.

அப்புறம் அந்த "டாக்டர் செக்கப்". குட்டிக்கு இன்றைக்கு இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருக்கிறதா, தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேர்கிறதா என்பதை அது சொல்லும். இரண்டு வயதில் இடுப்பு எப்படி இருக்கும் என்பதை எட்டு வாரக் குட்டியைத் தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்க வேண்டிய காகிதம் குட்டியுடையது அல்ல, தாய் தகப்பனுடையது: இடுப்பு எக்ஸ்ரே தரச்சான்று, கண் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை முடிவு. இரண்டு பேருக்கும் வேண்டும். தாய்க்கு மட்டும் காட்டிவிட்டு, தகப்பன் வெளியில் எங்கோ இருக்கிறது என்பார்கள், விடாதீர்கள். அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு இடுப்புக்கு இறுதித் தரம் கொடுப்பதே 24 மாதம் முடிந்த பிறகுதான். அதனால் ஒரு வயதுத் தாய்க்கு "இடுப்பு சான்று" என்று அதன் பெயரில் ஏதாவது நீட்டினால் அது தற்காலிகக் கணிப்பாகத்தான் இருக்க முடியும். சான்றில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் சிப் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சின்ன பூடுல் கலப்பு என்றால் முழங்கால் சில்லு இடம் விலகும் கோளாறுக்கான பரிசோதனையையும், கவபூ என்றால் இதயப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், கவலியர் இனத்தில் இதய வால்வு நோய் மிகச் சகஜம். "காகிதமெல்லாம் அப்புறம் அனுப்புகிறேன்" என்றால் பணத்தையும் அப்புறமே அனுப்பலாம்.

கேள்வி: நாங்கள் இதெல்லாம் தெரியாமல் வாங்கிவிட்டோம். ஐந்து மாதக் குட்டி. இனி மரபணுப் பரிசோதனை செய்து பயன் உண்டா? கால்சியம் சிரப் கொடுக்கவும் சொல்கிறார்கள்.

பதில்: ஓரளவு உண்டு. கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் பிஆர்ஏ தெரியும், ரத்தம் சரியாக உறையாத வான் வில்பிராண்ட் நோயும் தெரியும். கருத்தடை ஆபரேஷனுக்கு முன்பு இந்த இரண்டாவதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். இடுப்பையும் முழங்காலையும் பற்றி அது எதுவும் சொல்லாது.

மூட்டுக்கு உங்கள் கையில் இருப்பது எடை. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டு வாதமும் தாமதமாகத்தான் வந்தது. சுருட்டை முடிக்குள் கொழுப்பு மறைந்துகொள்ளும் என்பதால் கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள், விரலை முடிக்குள் விட்டு விலா எலும்பைத் தடவுங்கள். அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும். கால்சியம் சிரப் வேண்டாம். சத்து சரிவிகிதமாக உள்ள குட்டி உணவுக்கு மேல் கால்சியம் சேர்த்தால், பெரிதாக வளரும் குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சியே கோணிப்போகலாம். பெரிய இனக் குட்டிகளுக்கு என்று தயாரித்த உணவை அளந்து போட்டால் போதும்.

கேள்வி: முடி வெட்டக் கொடுத்த இடத்தில் எங்கள் கோல்டன்டூடுலை (கோல்டன் ரிட்ரீவர்-பூடுல் கலப்பு) ஒட்ட மழித்து அனுப்பிவிட்டார்கள், கூடுதல் கட்டணமும் வாங்கினார்கள். வீட்டில் தினமும் பிரஷ் செய்கிறோம். புகார் செய்யலாமா?

பதில்: முன்கூட்டியே போன் செய்து கேட்காமல் மழித்தார்கள் என்றால் அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். மழித்ததே தப்பா என்றால், அநேகமாக இல்லை. நீங்கள் தினமும் பிரஷ் செய்தது மேல் முடியை. மேலே பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் தோலை ஒட்டிக் கம்பளிபோலச் சிக்கு பிடித்திருக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டை உரசும் இடத்தில் பாருங்கள். அந்தச் சிக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை இழுத்துக்கொண்டே இருக்கும், பிரித்தால் அடியில் சிவந்து கசகசவென்று புண். முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரிகிற இடத்திலிருந்து மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷால் வரிவரியாக வாருங்கள். பிறகு இரும்புச் சீப்பை அடிவரை விட்டு இழுங்கள், தடைப்பட்டால் வேலை முடியவில்லை. சிக்கோடு குளிப்பாட்டாதீர்கள், இறுகிவிடும். குட்டி முடி மாறும் 6 முதல் 12 மாத வயதில்தான் தொல்லை உச்சம். விலையுயர்ந்த கண்டிஷனர் ஸ்பிரே எல்லாம் அப்புறம், முதலில் ஒரு நல்ல சீப்பு.

கேள்வி: காதில் நாற்றம் வருகிறது. போன தடவை கொடுத்த சொட்டு மருந்து பாக்கி இருக்கிறது, விடலாமா?

பதில்: விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுக்கும். டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தொங்கும் காது, உள்ளே முடி, காற்றோட்டம் இல்லை, அதோடு குளித்த ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குளித்த பிறகும் நீந்திய பிறகும் துடைத்து உலர்த்துங்கள், பஞ்சால் மட்டும், காதுக் குச்சி வேண்டாம். நன்றாக இருக்கும் காதின் முடியை வழக்கத்துக்காகப் பிடுங்கத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் அடியில் ஒவ்வாமை இருக்கும், அதைத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: செல்லப்பிராணி இன்சூரன்ஸ் எப்போது எடுப்பது?

பதில்: எடுப்பதாக இருந்தால் முதல் நோய் பதிவாகும் முன்பே. ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. பரம்பரை நோய்கள் சேர்த்தியா, மூட்டுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். சில பாலிசிகளில் ஒரு முழங்காலில் முன்பே கோளாறு இருந்தால் மற்ற முழங்காலுக்கும் பணம் கிடையாது என்ற விதி இருக்கும். சின்ன பூடுல் கலப்புக்கு அந்த ஒரு விதியே பாலிசியைக் கிட்டத்தட்ட வெறும் காகிதமாக்கிவிடும் என்பதால், கையெழுத்துக்கு முன்பு இதற்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.