தம்மாம் வேலையை நம்பி வரலாமா?

தம்பி, சவூதியின் தம்மாமில் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் பைப்பிங் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்திருக்கிறது, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கின் நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைப்பதும் கூட்டுவதுமாக இருக்கும்போது நம்பி வரலாமா, குடும்பத்தையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உற்பத்திக் குறைப்பு என்ற செய்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2023 ஜூலையில் சவூதி தானாகவே நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் குறைத்து, 90 லட்சத்துக்கு இறங்கியது. எங்கள் சைட்டில் ஒருவரையும் எக்ஸிட்டில், அதாவது வேலையை முடித்து ஊருக்கு, அனுப்பவில்லை. வால்வை மூடினாலும் குழாய் துருப்பிடிக்கத்தானே செய்யும்?

கவனிக்க வேண்டியது வேறு. 2024 ஜனவரியில், உற்பத்தித் திறனை நாளொன்றுக்கு 120 லட்சத்திலிருந்து 130 லட்சம் பீப்பாயாக உயர்த்தும் திட்டத்தை நிறுத்தும்படி சவூதியின் அரசு எண்ணெய்க் கம்பெனியான அராம்கோவுக்கு அரசு உத்தரவிட்டது. அந்த வருடமே கடலில் துளையிடும் ரிக்குகள் பல நிறுத்தி வைக்கப்பட்டன. புது வேலைகள் வற்றியது அப்போதுதான்.

காரணம் வெளியே இருக்கிறது. பாறை இடுக்குகளை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெயால் அமெரிக்கா தினமும் 130 லட்சம் பீப்பாயைத் தாண்டிவிட்டது. 2019 டிசம்பரில் முதல் எண்ணெய் எடுத்த தென் அமெரிக்க நாடான கயானா ஐந்தே வருடத்தில் ஆறு லட்சத்தைக் கடந்தது. வளைகுடா நாடுகள் விலைக்காக விட்டுக்கொடுத்த சந்தையை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் சவூதி, ரஷ்யா உட்பட எட்டு நாடுகள் குறைப்பைத் தளர்த்தத் தொடங்கின. உற்பத்தி கூடினால் வேலையும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். உற்பத்தி கூடி விலை இறங்கினால் அரசு முதலில் கை வைப்பது புது புராஜெக்ட்டுகளில்தான்.

நீண்ட விலைச் சரிவுதான் நம்மை அடிக்கும். 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அப்போது நான் இருந்த கம்பெனியில் ஐந்து மாதச் சம்பளம் நின்றது. கேம்ப்பில் அரிசியைப் பங்கு போட்டுச் சமைத்தோம். அப்புறம் அரசின் வருமானத்துக்காக 2017 ஜூலையில் வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்பத்தினருக்கு வரி வந்தது. தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி வருடம் நூறாக ஏறி, 2020-ல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள்: இக்காமா என்ற வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது வருடம் 14,400 ரியாலை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டிய நிலை வந்தது. முடியாமல் 2019 கடைசியிலேயே மூவரையும் ஊருக்கு அனுப்பினேன். சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. அவள் வளர்ந்ததை நான் போனில்தான் பார்த்தேன். உங்களுக்கு அது வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடுமுன், வேலை புது புராஜெக்ட்டா, மெயின்டனன்ஸ், ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்) வேலையா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் தைரியமாக வரலாம். ஜஃபூரா போன்ற எரிவாயுத் திட்டம் என்றாலும் நல்லது. ஓபெக்கின் உற்பத்தி ஒதுக்கீடு கச்சா எண்ணெய்க்குத்தான், எரிவாயுவுக்கு இல்லை. குடும்ப வரியைக் கம்பெனி கட்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் முதல் வருடம் தனியாக வாருங்கள். தம்மாமில் இறங்கியதும் கூப்பிடுங்கள், நான் வந்து அழைத்துப் போகிறேன்.