கணக்கியல் படிக்கப் போகிறவளுக்கு எதற்கு ஆமைக் கதை?

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் ஆறாம் படிவத்தில் கணக்கியலும் பொருளியலும் எடுத்திருக்கிறாள், ஐந்தாம் படிவ முடிவில் எழுதிய எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்துக்கு 'சி' வந்தது, அடுத்து பல்கலைக்கழக நுழைவுக்கான முயெட் ஆங்கிலத் தேர்வை நினைத்தாலே வீட்டில் எல்லாருக்கும் கலக்கம் என்று எழுதியிருந்தீர்கள். மூவாயிரம் சொல் உள்ள புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, நாளைக்கு முப்பது என்று மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறீர்களாம். முதலில் அதை நிறுத்துங்கள். அடுத்த வாரமே பெரும்பாலானவை மறந்துபோகும். நினைவில் நின்றதையும் எந்த வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் முழிப்பாள்.

அதற்குப் பதில் அவளை அறிவியல் வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம். பொதுமக்களுக்காக எழுதும் எளிய அறிவியல் கட்டுரைகள் போதும்.

"கணக்காளராகப் போகிறவளுக்கு ஆமையும் நட்சத்திரமும் எதற்கு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முயெட் வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்வி. அங்கே பிள்ளைகளைக் கவிழ்ப்பது பெரிய கலைச்சொற்கள் இல்லை. அவற்றுக்குக் கட்டுரையிலேயே விளக்கம் இருக்கும். கவிழ்ப்பவை நடுத்தரச் சொற்கள்: டெஸ்பைட், வேர்ஆஸ், டிக்ளைன், வேரி, சிக்னிஃபிகன்ட், டிரிகர். அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு துறைகளின் உயர்கல்விப் பாட எழுத்துகளை அலசி, எல்லாவற்றிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களை 2000-ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். மேலே சொன்ன ஆறும் அதில் உண்டு. தவளை பற்றிய கட்டுரையில் 'குறைவு' என்ற பொருளில் வரும் அதே டிக்ளைன், நாளை அவள் புரட்டப் போகும் நிறுவன ஆண்டறிக்கையிலும் வரும்.

அப்படியென்றால் நேராகப் பொருளியல் கட்டுரையையே வாசிக்கலாமே? இப்போதைக்கு வேண்டாம். பணவீக்கமும் வட்டி விகிதமும் அவளுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. விஷயமும் புதிது, மொழியும் புதிது என்றால் இரண்டுமே தலைக்கு மேல் போகும். அறிவியல் அப்படியில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் தமிழில் படித்தாள், இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம் மலாயில் படித்தாள். ஒளிச்சேர்க்கை என்னவென்று தெரிந்தவளுக்கு ஆங்கில வாக்கியம் பாதி புரிந்தாலே மீதியை ஊகிக்க முடியும். மலாயும் கைகொடுக்கும். ஃபோத்தோசிந்தெசிஸ், ஒஸ்மோசிஸ், ரெஸ்பிராசி எல்லாம் மலாய் வேடம் போட்ட ஆங்கிலம்தானே. இயற்பியலில் இந்தச் சலுகை குறைவு. ஹலாஜு, பெச்சூத்தான், ஜிசிம் என்று மலாயில் படித்ததை வைத்துக்கொண்டு வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மாஸ் என்பவற்றைப் பிடிக்க முடியாது. அதனால் உயிரியலில் தொடங்கட்டும். (2003-இல் வந்த ஆங்கிலவழி அறிவியல் திட்டம் தொடர்ந்திருந்தால் இந்தப் பாடே இல்லை என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாராம். அந்த வாதம் காப்பிக்கடையில் நடக்கட்டும். மகளுக்கு இப்போது அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.)

நம் ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பினாங்கின் தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுவழியாக நடந்தால் பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரும். பச்சை ஆமைகள் கரையேறி முட்டையிடும் இடம், ஆமைப் பாதுகாப்பு மையமும் அங்கே இருக்கிறது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடு. இதைப் பற்றி ஆங்கிலத்தில் இப்படி ஒரு வாக்கியம் வரலாம்: "வார்ம் நெஸ்ட்ஸ் டென்ட் டு புரொட்யூஸ் ஃபீமேல்ஸ், வேர்ஆஸ் கூலர் நெஸ்ட்ஸ் புரொட்யூஸ் மோர் மேல்ஸ்." சூடான கூடுகளில் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், குளிர்ந்த கூடுகளிலோ ஆண் குஞ்சுகள் அதிகம் என்று பொருள். நெஸ்ட், ஃபீமேல் எல்லாம் அவளுக்குத் தெரியும். டென்ட் டு என்பதைத் தாண்டிப் போய்விடுவாள். அதுதான் வாக்கியத்தின் உயிர்: பெரும்பாலும் அப்படி நடக்கும், எப்போதும் இல்லை. விடைகளில் 'ஆல்வேஸ்' என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் புள்ளியை இழப்பாள். அறிவியல் எழுதுகிறவர்கள் இப்படி அளந்துதான் பேசுவார்கள். மே, லைக்லி, சஜஸ்ட், அப்பியர் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். கதைப் புத்தகத்தில் இந்தப் பயிற்சி இவ்வளவு தாராளமாகக் கிடைக்காது.

ஒரு கட்டுரையோடு தாவிவிடக் கூடாது, இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இன்று கருந்துளை, நாளை வைரஸ், மறுநாள் எரிமலை என்று வாசித்தால் ஒவ்வொரு நாளும் புதுச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு மாதம் ஆமையோடே இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதைப் பற்றி மூன்று நான்கு கட்டுரை தேடி வாசித்தால் அதே சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும். அப்படி வருவதுதான் மனத்தில் தங்கும்.

எங்கே வாசிப்பது? சயின்ஸ் நியூஸ் எக்ஸ்ப்ளோர்ஸ் தளத்தில் கட்டுரைக்குக் கீழேயே கடினச் சொற்களுக்கு விளக்கம் இருக்கும். ஃப்ரான்டியர்ஸ் ஃபார் யங் மைண்ட்ஸ் தளத்தில் விஞ்ஞானிகளே எழுதுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் படித்துப் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகு வெளியிடுகிறார்கள். இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு பத்தியை எடுத்து எண்ணிப் பார்க்கட்டும். நூறு சொல்லில் இரண்டு மூன்று தெரியாவிட்டால் சரியான கட்டுரை. பத்துப் பதினைந்து என்றால் மூடிவிட்டு எளிதானதைத் தேடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷன் போன்றவர்களின் கணக்கு.

நோட்டுப்புத்தகத்தில் சொல் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று இரண்டு வரிசை போட வேண்டாம். சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, கீழே அதே சொல்லை வைத்துத் தன் பாடத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதட்டும். ஆமை எண்ணிக்கையில் டிக்ளைன் என்று படித்தவள், கடையின் விற்பனையில் டிக்ளைன் என்று எழுதுவாள். அப்புறம் படித்ததைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யலாம். முயெட்டில் தனியாகப் பேசும் பகுதி உண்டே. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதீர்கள் அம்மா. பேசுகிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

டியூஷனுக்குக் கட்டிய வெள்ளி வீணாக வேண்டாம். சொல் பட்டியல் கொடுப்பதை விட்டுவிட்டு, வாரம் அவள் எழுதும் ஒரு கட்டுரையைத் திருத்தித் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். முயெட்டில் எத்தனை பேண்ட் (தேர்ச்சி நிலை) வேண்டும் என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். கணக்கியலுக்கு அவள் நினைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் என்ன கேட்கின்றன என்று அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூ தளத்தில் இப்போதே பார்த்து வையுங்கள். முயெட் வருடத்தில் ஒரு தடவைக்கு மேல் நடக்கிறது. அதனால் முதல் அமர்விலேயே எழுதச் சொல்லுங்கள், பேண்ட் போதாவிட்டால் விண்ணப்பத்துக்கு முன் இன்னொரு தடவை உட்கார நேரம் இருக்கும்.