ஒயரைப் பாருங்கள், அப்புறம் ஈசியூ வாங்கலாம்

கேள்வி: 1995 மாடல் பென்ஸ் ஈ220 ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். காலையில் அருமையாக ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடி இன்ஜின் சூடானதும் மிஸ்ஸிங் அடிக்கிறது, சிக்னலில் நின்றால் ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்குகிறது. பிளக், பிளக் ஒயர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. இப்போது ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது என்கிறார்கள். பழைய ஈசியூ வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: வாங்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து, நான் சொல்கிற ஒரே ஒரு இடத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

1995-இல் புனேயில் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து மெர்சிடிஸ் இந்தியாவில் கார் தயாரிக்க ஆரம்பித்தபோது முதலில் வெளிவந்தது உங்கள் கார்தான், டபிள்யூ124 என்கிற மாடல். இரும்பு, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் என்று எதை எடுத்தாலும் அவ்வளவு உறுதியாகக் கட்டிய கார் அது. ஆனால் 1990-களின் முதல் பாதியில் வந்த எம்111, எம்104 இன்ஜின்களின் ஒயரிங்கில் மட்டும் ஒரு பெரிய குறை உண்டு. அந்த வருடங்களில் சீக்கிரம் மக்கிப் போகிற வகை மேல்தோலை ஒயருக்குப் போட்டார்கள். இன்ஜின் சூட்டில் அது காய்ந்து, விறைத்து, கடைசியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துவிடும். உள்ளே செம்பு ஒன்றோடொன்று உரசும். சூடானால் மட்டும் கோளாறு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர் பக்கமும் கூலன்ட் சென்சார் பக்கமும் ஒயர்கள் கறுப்பு உறையிலிருந்து வெளியே வருகிற இடத்தைப் பாருங்கள். உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஒரே ஒரு ஒயரை மெதுவாக வளையுங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, தோல் பொடிப்பொடியாகக் கையில் வந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள், வேறு எதையும் அசைக்க வேண்டாம். அந்த நிலையில் புது ஈசியூ மாட்டினால் அதுவும் ஷார்ட் ஆகிப் போக வாய்ப்பு உண்டு. இதற்காகத்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

புதுப்பேட்டையில் தேடினால் பழைய ஒயரிங் செட் கிடைக்கலாம். வேண்டாம், அதே வருடத்துக் காரிலிருந்து கழற்றியது என்றால் அதன் தோலும் அதே வயசு, அதே சூடு பட்டது. புது செட் வாங்க முடிந்தால் நல்லது, காரின் 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற செட்டையே கழற்றி மேஜையில் விரித்து, ஒயரை ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டலாம். நான் என் 124-க்கு அப்படித்தான் செய்தேன், நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒன்றை எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன், ஒவ்வொரு முனைக்கும் நம்பர் ஒட்டினேன், போட்டோ எடுத்து வைத்தேன். வீட்டு ஒயரிங்குக்கு வாங்குகிற சாதாரண பிவிசி ஒயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது 70 டிகிரி வரைக்கும்தான். உங்கள் காரில் தெர்மோஸ்டாட் திறப்பதே 87 டிகிரியில். டெஃப்லான் அல்லது சிலிக்கான் தோல் போட்ட ஒயர், பழையதன் அதே தடிமனில் வாங்குங்கள். கிராங்க் சென்சார் ஒயரைச் சுற்றி ஷீல்டு என்கிற ஒரு உலோக உறை இருக்கும், அதை விட்டுவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். சில கார்களில் த்ராட்டில் ஆக்சுவேட்டருக்கும் இதே ரக ஒயர்தான், அதையும் பார்த்துவிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

கேள்வி: 1989 மாடல் 124. வைப்பர் ஒரு நாள் வேலை செய்கிறது, ஒரு நாள் செய்வதில்லை. ஹார்னும் அப்படித்தான். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கட்டுமா?
- திருச்சி வாசகர்

பதில்: முதலில் ஃப்யூஸ் பெட்டியைத் திறங்கள். இரண்டு பக்கமும் கூராக, தோட்டா மாதிரி இருக்கும் அந்த ஃப்யூஸ்களில் அலுமினியப் பட்டை இருந்தால் நாளாக நாளாக வெளுத்துப்போய் கரன்ட் சரியாகப் பாயாது, பார்க்க ஃப்யூஸ் முழுசாகவே இருக்கும். விரலால் ஒவ்வொன்றையும் சுழற்றிவிட்டதுமே ஹார்ன் அடித்தால் காரணம் அதுதான். மொத்தத்தையும் அதே ஆம்பியரில் செம்புப் பட்டை ஃப்யூஸாக மாற்றிவிடுங்கள். கிளிப்புகளையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் வைப்பர் நின்றால் மோட்டாருக்குப் போகலாம்.

கேள்வி: அப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த 240டி, டபிள்யூ123. சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கதவுப் பூட்டும் இப்போதெல்லாம் ஒன்றாகப் பூட்டுவதில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது, சம்பந்தம் உண்டா?
- காரைக்குடி வாசகர்

பதில்: உண்டு, இரண்டையும் சேர்த்து எழுதினீர்களே, அதுவே பாதி வேலை. அந்த டீசல் இன்ஜினை நிறுத்துவது கரன்ட் இல்லை, வாக்குவம். இன்ஜினில் ஒரு பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பினால் அந்த உறிஞ்சல் டீசல் பம்ப்பில் உள்ள டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வுக்குப் போய் டீசலை நிறுத்தும். கதவுப் பூட்டும் அதே வாக்குவத்தில்தான் வேலை செய்கிறது, பிரேக் பூஸ்டரும் அதே பம்ப்பில்தான்.

அதனால் முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். பெடல் கல் மாதிரி இறுகியிருந்தால் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள், பம்ப்பே தளர்ந்திருக்கலாம். பிரேக் நன்றாக இருக்கிறது என்றால் கதவுகளுக்குப் போகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை, அது பிரிகிற இடத்தில் கழற்றி, இன்ஜின் பக்கத்து வாயை மட்டும் அடைத்துவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் உடனே நின்றால் ஓட்டை ஏதோ ஒரு கதவில் இருக்கிறது, பெரும்பாலும் பூட்டுக்குக் கீழே இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். ஒவ்வொரு கதவாக இப்படியே பிரித்துச் சோதிக்கலாம், ஒரு கை வாக்குவம் பம்ப் இருந்தால் இன்னும் சுலபம். சாவிப் பக்கம் போகிற குழாயில் இன்ஜின் ஆயில் தெரிந்தால் டீசல் பம்ப்பில் உள்ள டயாஃப்ரம் கிழிந்து ஆயிலை இழுக்கிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போட்டால் ஆயில் பூட்டு வரைக்கும் பரவும்.

அதுவரை இன்ஜினை நிறுத்த, பானட்டுக்குள் ஸ்டாப் என்று எழுதிய சின்ன நெம்புகோல் இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் போதும்.

கேள்வி: என்னிடம் 2005 ஈ-கிளாஸ். என் பழைய மாருதிக்கு பிரேக் பேடு எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். இதற்கும் பேடு வாங்கி வைத்துவிட்டேன். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?
- சென்னை வாசகர்

பதில்: நல்லவேளை, சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் எழுதினீர்கள். இது டபிள்யூ211. 2006-இல் மாற்றி வெளியிடும் வரை இதில் இருந்தது எஸ்பிசி பிரேக். உங்கள் கால் பெடலை அமுக்கினால் அது ஒரு எலெக்ட்ரானிக் தகவலாகப் போகிறது, அழுத்தத்தைத் தருவது ஒரு மின்சாரப் பம்ப். இதில்தான் 2004-இல் உலகம் முழுக்க சுமார் 6,80,000 கார்களை மெர்சிடிஸ் திரும்ப அழைத்தது.

உங்களுக்கு முக்கியமான விஷயம் வேறு. சாவி உங்கள் பாக்கெட்டிலேயே இருந்தாலும் இந்தப் பம்ப் தானாக எழுந்துகொள்ளும். யாராவது ரிமோட்டை அமுக்கினாலோ, பையன் விளையாட்டாகக் கதவைத் திறந்தாலோ போதும். பேடைக் கழற்றிவிட்டு உங்கள் விரல் காலிப்பருக்குள் (பேடை அழுத்திப் பிடிக்கிற பாகம்) இருக்கிற நேரத்தில் அது நடந்தால் பிஸ்டன் முழு வேகத்தில் வெளியே வரும். விரல் நசுங்கிவிடும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எனவே மெர்சிடிஸின் ஸ்டார் டயக்னாசிஸ் அல்லது எஸ்பிசி-யை முடக்கத் தெரிந்த கருவி கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கருவி உள்ள ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, அவர் முடக்கித் தந்த பிறகு பேடை நீங்களே மாற்றலாம், முடிந்ததும் அவரே மறுபடி இயக்கிச் சோதித்துக் கொடுக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். அவர் வருகிற வரைக்கும் பேடு அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.