நகர மன்றத்தில் மூன்று நிமிடம்

ஏழை எளியோருக்கான வீட்டு வசதி, கட்டுமானம், சேவைகளுக்கு அமெரிக்க மத்திய அரசு உள்ளாட்சிகள் வழியாகத் தரும் முக்கிய நிதிகளில் ஒன்று சி.டி.பி.ஜி. (கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட்). 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. வீட்டு வசதித் துறையான ஹட் பணத்தைத் தருகிறது; எதற்குச் செலவிடுவது என்பதை நகரமோ கவுன்டியோ (மாவட்டம் போன்ற அமைப்பு) மக்களைக் கேட்டு, ஆண்டுதோறும் ஒரு திட்டமாக முடிவு செய்யவேண்டும். அந்தக் கேட்பு எப்படி நடக்கிறது, நாம் எங்கே நுழையலாம் என்று அங்குள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

போன வசந்தத்தில் எங்கள் டவுன்ஷிப்பின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினேன். நன்றி சொன்னார்கள். அன்றிரவே திட்டத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் நிறைவேற்றிவிட்டார்கள். பிறகு எதற்கு அந்தக் கூட்டம்?
— வாசகி, நியூ ஜெர்சி

நீங்கள் போனபோது பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. ஆண்டுக்குக் குறைந்தது 2 கூட்டங்கள், ஆண்டின் வெவ்வேறு கட்டங்களில் நடத்தவேண்டும் என்பது மத்திய விதி. அவற்றில் ஒன்றாவது வரைவுத் திட்டம் வெளியாகும் முன்பே நடக்கவேண்டும். ஊரில் என்ன குறை, எதற்கு முதலிடம் என்று கேட்கும் கூட்டம் அதுதான். அங்கே பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கூட்டம் சேர்வது வரைவு வந்த பிறகு நடக்கும் இரண்டாவதற்குத்தான்.

நாட்காட்டியைப் பாருங்கள். ஜூலை 1-இல் திட்ட ஆண்டு தொடங்கும் ஊர்களில் பொதுவாக முதல் கூட்டம் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ நடக்கும். அதையொட்டி விண்ணப்பம் வாங்குவார்கள். மார்ச், ஏப்ரலில் வரைவு வெளியாகும். குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துச் சொல்லலாம். ஆண்டு தொடங்க 45 நாள் இருக்கும்போது, அதாவது மே நடுவில், திட்டம் ஹட்டிடம் போய்ச் சேரவேண்டும். ஆகஸ்ட் 16-க்குள் எந்த ஊர் அனுப்பவில்லையோ அந்த ஊருக்கு அந்த ஆண்டுப் பணமே இல்லை. இந்தக் கெடு தலைக்கு மேல் இருக்கும்போது எந்தக் கவுன்சிலும் கடைசி இரவில் திட்டத்தைப் பிரித்துப் போடாது.

எனவே செப்டம்பரிலேயே உங்கள் டவுன்ஷிப்பின் கம்யூனிட்டி டெவலப்மென்ட் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அறிவிப்புப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே ‘சிட்டிசன் பார்ட்டிசிபேஷன் பிளான்’ என்ற ஆவணத்தின் பிரதியையும் கேளுங்கள். எத்தனை கூட்டம், எத்தனை நாள் முன்னறிவிப்பு எல்லாம் அதில் இருக்கும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு செய்தித்தாளில் பொடி எழுத்தில் போடுவது போதுமான அறிவிப்பு ஆகாது என்று விதியே சொல்கிறது. 2 வார அறிவிப்பைத்தான் ஹட் போதுமானதாகக் கருதுகிறது.

வரைவு வந்துவிட்டதென்றால் பேசுவதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காதவற்றை ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தையும் இறுதித் திட்டத்தோடு இணைத்தே ஆகவேண்டும். அடுத்த ஆண்டு முதல் கூட்டத்தில் நீங்கள் எடுத்துப் போகவேண்டிய தாள் அது.

எங்கள் நகரத்துக்குப் பெரிய தொகை வருகிறது. ஆனால் முதியோர் உணவுத் திட்டத்துக்குக் கேட்டால் மட்டும் ‘வரம்பு முடிந்துவிட்டது’ என்கிறார்கள். உண்மையா, சாக்கா?
— வாசகர், டெக்சஸ்

உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நகரத்துக்கு 10 லட்சம் டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சேவைகளுக்கு உச்சவரம்பு 15 சதவீதம்: 1.5 லட்சம். நிர்வாகம், திட்டமிடல் இரண்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 20 சதவீதம்: 2 லட்சம். மீதி 6.5 லட்சமும் வீடு பழுதுபார்த்தல், நடைபாதை, வடிகால், சமுதாயக் கூடம் போன்ற கட்டுமானங்களுக்கு. கடனாகத் தந்த தொகை திரும்பி வருவது போன்ற வரவு இருந்தால் இந்தக் கணக்கு சற்றே கூடும். முதியோர் உணவு, குழந்தைகள் காப்பகம், வேலைப் பயிற்சி, ஆங்கில வகுப்பு, மருத்துவமனைக்கு வண்டி எல்லாமே அந்த 15-க்குள் அடிபிடி போடுகின்றன.

ஆகவே உங்கள் தேவையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மையத்தில் நடக்கும் வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் கேட்டால் 15-க்குள் போட்டி. அதே மையத்துக்குச் சக்கர நாற்காலிச் சாய்தளமோ, கழிப்பறை மாற்றமோ, கூரையோ கேட்டால் அது கட்டுமானக் கணக்கு, போட்டி வேறு. ஆண்டு நடுவில் கட்டுமானப் பணத்துக்கு இன்னொரு கதவும் திறப்பதுண்டு. திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, செலவாகாமல் கிடக்கும் தொகை ஓராண்டு ஒதுக்கீட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பணம் தேங்கிய நகரம், உடனே தொடங்கத் தயாரான வேலையைத் தேடும். அதற்கான திட்டத் திருத்தம் பெரியதாக இருந்தால் மறுபடி 30 நாள் கருத்துக் கேட்பு உண்டு. மதிப்பீட்டைக் கையில் வைத்திருங்கள்.

இன்னொரு தடங்கல்: கேட்கும் சேவை புதியதாக இருக்கவேண்டும், அல்லது முந்தைய 12 மாதத்தைவிட எண்ணிக் காட்டக்கூடிய அளவில் கூடியிருக்கவேண்டும். நகரமோ மாநிலமோ தன் பணத்தில் நடத்திவந்ததை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக முடியாது. ‘தொடர்ந்து நடத்த உதவுங்கள்’ என்று எழுதிய விண்ணப்பங்கள் பல இங்கேதான் விழுகின்றன.

எங்கள் தமிழ்ச் சங்கம் முதியோருக்கு வாராந்தரச் சந்திப்பும் உணவும் நடத்துகிறது. வருமானச் சான்று கேட்டால் பெரியவர்கள் கூசுகிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், மிச்சிகன்

முதியோருக்கு மட்டுமேயான சேவை என்றால் வருமானச் சான்று இல்லாமலே அவர்களைக் குறைந்த வருமானத்தினராகக் கொள்ள விதி இடம் தருகிறது. கடுமையான உடற்குறை உள்ள பெரியவர்கள், வீடற்றோர், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள், இடம்பெயர்ந்து வேலை செய்யும் பண்ணைத் தொழிலாளர் முதலியோரும் இந்தப் பட்டியலில் உண்டு. வயதைக் காட்டும் பதிவேடு ஒழுங்காக இருந்தால் போதும். ஆனால் பேரப்பிள்ளைகளையும் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டால் இந்தச் சலுகை போய்விடும். அப்போது வருவோரில் குறைந்தது 51 சதவீதம் பேர் வரம்புக்குள் இருப்பதைக் காட்டவேண்டும்.

வரம்பு என்பது அந்த வட்டார நடு வருமானத்தில் 80 சதவீதம். வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மாறும். ஹட் ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகிறது. இங்கே அடிக்கடி நேரும் பிழை, ‘அம்மாவுக்கு வருமானம் இல்லை’ என்று பூஜ்யம் போடுவது. கணக்கு தனி ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. மென்பொருள் வேலையில் உள்ள மகனோடு இருக்கும் தாயின் வருமானம் அந்த வீட்டின் வருமானம்தான்.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். வசதியான வீட்டுப் பெரியவர்களின் சந்திப்புக்கு இந்தப் பணத்தைக் கேட்க விதி இடம் தரலாம். கேட்காமல் இருப்பதே முறை. மானிய வாடகை முதியோர் குடியிருப்புகளில் தனியே இருப்பவர்களைத் தேடிப்போய், எந்த மொழிக்காரர் என்றாலும் சேர்த்து, அவர்களுக்காகக் கேளுங்கள். தேர்வுக் குழுவும் அதைத்தான் பார்க்கும்.

கோயிலில் ஃபுட் பேண்ட்ரி (இலவசமாக மளிகை தரும் மையம்) நடத்துகிறோம். மத நிறுவனம் என்று தள்ளிவிடுவார்களா?
— வாசகர், ஜார்ஜியா

தள்ளக்கூடாது. மற்ற அமைப்புகளுக்குச் சமமாக நீங்களும் போட்டியிடலாம். வழிபாடு, உபதேசம், பஜனைக்கு இந்தப் பணம் போகக்கூடாது. அவை பேண்ட்ரியிலிருந்து வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ நடக்கவேண்டும். வருபவரை அவற்றில் கலந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது, மதம் பார்த்து மறுக்கவும் கூடாது.

சிக்கல் கொள்கையில் வருவதில்லை, பில்லில்தான் வரும். 20 பவுண்டு சோனா மசூரி 40 மூட்டை வாங்கி, 25-ஐ ஞாயிறு அன்னதானச் சமையலறைக்கும் 15-ஐ பேண்ட்ரிக்கும் பிரித்துவிட்டு, முழு பில்லையும் நகரத்துக்கு அனுப்பினால் கணக்கு அலுவலர் பில்லை மொத்தமாகத் திருப்பிவிடுவார். பேண்ட்ரிக்குத் தனிக் கொள்முதல், தனி இருப்புப் பதிவேடு, முடிந்தால் தனி அலமாரி. பூஜை வேளையில் கொடுக்காமல் சனிக்கிழமை காலை வேறு வாசல் வழியாகக் கொடுங்கள். படிவத்தில் நட்சத்திரம், கோத்திரம், உறுப்பினர் எண் எதுவும் வேண்டாம்.

மூன்று நிமிடம்தான் தருகிறார்கள். அதில் என்ன பேசுவது?
— வாசகி, கலிபோர்னியா

தாராளமாகப் போதும். நிதானமாகப் படித்தால் ஏறக்குறைய 350 ஆங்கிலச் சொற்கள். 300-இல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார், எந்தப் பகுதி, எத்தனை பேர், இப்போது என்ன கிடைக்கிறது, எவ்வளவு கூடுதலாக வேண்டும், என்ன செலவு. மாதிரிக்கு:

“எங்கள் வண்டி இப்போது வாரம் 40 முதியோரை மருத்துவமனைக்கும் மருத்துவரிடமும் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. இன்னும் 20 பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவர் வாரம் ஒருமுறை போய்வர 18 டாலர். 50 வாரத்துக்கு, 20 பேருக்கு, 18,000 டாலர் தேவை. நகரத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தில் ‘முதியோர் போக்குவரத்து’ முன்னுரிமையாக இருக்கிறது. இந்த ஆண்டு அதற்கு ஒதுக்கீடு செய்யுங்கள்.”

இதில் பழைய அளவும் புதிய அளவும் இருப்பதால் ‘கூடுதல் சேவை’ என்ற நிபந்தனை அங்கேயே நிறைவேறிவிடுகிறது. கடைசி வரிதான் மிக முக்கியம். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை போடும் ‘கன்சாலிடேட்டட் பிளான்’ பட்டியலில் இல்லாத தேவைக்கு அதிகாரி நினைத்தாலும் எளிதில் தர முடியாது. உங்கள் தேவை அதில் இல்லையென்றால், இந்த ஆண்டு பணம் கேட்பதைவிட அடுத்த பட்டியலில் அதைச் சேர்க்கக் கேட்பது பலன் தரும்.

பத்துப் பேர் போய் ஒரே வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். ஒருவர் எண்ணிக்கை, ஒருவர் காத்திருப்புப் பட்டியல், பயன்பெறும் ஒருவர் தன் அனுபவம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெரும்பாலும் ஒளிப்பதிவாகி இணையத்தில் நிற்கும். மற்றவர் பெயர், நோய், வருமானத்தை மேடையில் சொல்லாதீர்கள். எழுதிய பிரதியை முன்கூட்டியே சிட்டி கிளார்க்கிடம் தாருங்கள். ‘ஏழைக் குடும்பங்களுக்குக் கையில் பணம் கொடுங்கள்’ என்றும் கேட்காதீர்கள். இந்த நிதியில் அது ஆகாது. நெருக்கடியில் இருப்பவரின் வாடகை, மின்கட்டணத்தைத் தொடர்ந்து 3 மாதம் வரை வீட்டுக்காரருக்கோ மின் நிறுவனத்துக்கோ நேரடியாகக் கட்ட வழி உண்டு. அதைக் கேளுங்கள்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். பேசலாமா? என் தாயார் தமிழில்தான் பேசுவார்.
— வாசகர், வட கரோலினா

பேசலாம், இது வாக்குச்சாவடி அல்ல, குடியுரிமை கேட்கமாட்டார்கள். பேச்சாளர் சீட்டில் பெயரும் முகவரியும் கேட்பது வழக்கம். தாயாருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அறிவிப்பில் உள்ள எண்ணுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். தமிழுக்கு ஆள் கிடைக்காமல் போகலாம் என்பதால் நீங்களே மொழிபெயர்க்கத் தயாராகப் போய், அதற்காக நேரத்தை இரட்டிப்பாக்கித் தரும்படி கூட்டம் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

எங்கள் ஊரின் மக்கள்தொகை 50,000-ஐத் தொடவில்லை. எங்களுக்கு இந்தப் பணம் உண்டா?
— வாசகி, ஒஹாயோ

பொதுவாக 50,000 பேராவது உள்ள நகரங்களுக்கே பணம் நேரடியாக வரும். மற்ற ஊர்களுக்கு இரண்டு வழி. உங்கள் கவுன்டி நேரடியாக நிதி பெறுவதாக இருந்து, உங்கள் ஊரும் அதோடு சேர்ந்திருந்தால், கூட்டம் கவுன்டியில் நடக்கும். இல்லையேல் மாநிலத் திட்டத்துக்கு உங்கள் ஊர் விண்ணப்பிக்கவேண்டும். அதற்கு முன் ஊரிலேயே கருத்துக் கேட்பு நடத்தியாகவேண்டும். எந்த வழி என்று டவுன் கிளார்க்கைக் கேளுங்கள்.

எங்கள் அமைப்புக்கு முதன்முறையாக நிதி கிடைத்திருக்கிறது. எதில் கவனம் வேண்டும்?
— வாசகர், இல்லினாய்

முதலில் கைப்பணம். இந்த நிதி பெரும்பாலும் செலவழித்த பிறகே திரும்பி வரும். திட்ட ஆண்டு ஜூலையில் தொடங்கினாலும் ஒப்பந்தம் கையெழுத்தாக இலையுதிர் காலம் ஆகிவிடலாம். மூன்று நான்கு மாதச் சம்பளமும் வாடகையும் கட்டக் கையிருப்பு இல்லாமல் இறங்கிய சிறு அமைப்புகள் நடுவழியில் திணறும்.

அடுத்தது யு.இ.ஐ. எண், அதாவது மத்திய நிதி பெறும் அமைப்புகளுக்கான அடையாள எண். அரசின் சாம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடாதீர்கள்.

கட்டட வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. சுற்றுச்சூழல் பரிசீலனை முடிந்தது என்று நகரம் எழுத்தில் சொல்லும்வரை ஒப்பந்ததாரரோடு கையெழுத்துப் போடாதீர்கள், முன்பணம் தராதீர்கள், பழைய கூரையைப் பிரிக்காதீர்கள். உங்கள் சொந்தப் பணத்தில் தொடங்கினாலும் அந்த வேலைக்கான நிதி போய்விடும். 2,000 டாலருக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தத்தில் மத்திய அரசு நிர்ணயித்த கூலி விகிதம் பொருந்தும். அதைச் சேர்க்காமல் வாங்கிய மதிப்பீடு பின்னால் எகிறும்.

சேவை என்றால் வருகைப் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். ஒரே ஆள் 50 வாரம் வந்தால் அவர் 1 பயனாளி, 50 அல்ல. ஆண்டு முடிந்து 90 நாளுக்குள் நகரம் ஹட்டுக்குச் செயல்பாட்டு அறிக்கை அனுப்பவேண்டும். அதன்மேல் மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் உண்டு. உங்கள் எண்ணிக்கை அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த 15 நாளுக்குள் எழுத்தில் திருத்தக் கேளுங்கள். அடுத்த விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் முதலில் திறப்பது அந்த அறிக்கையைத்தான்.