வீட்டில் ஆளுக்கொரு ரசனை: புத்தகக் கண்காட்சியில் யாருக்கு என்ன வாங்குவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கையில் 3,000 ரூபாய். வீட்டில் 5 வயது மகள், தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் 9 வயது மகன், ஆங்கில மாயாஜால நாவல்களை மட்டும் படிக்கும் 15 வயது மகள், பறவைகளைப் படம் எடுக்கும் கணவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமனார். எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்று ஒரு பட்டியல் வேண்டும்.

நான் நூலகரும் இல்லை, விமர்சகரும் இல்லை. தூத்துக்குடியில் ஒரு பெரிய குடும்பத்தில், பிறந்தநாள் வந்தால் சட்டைக்குப் பதில் புத்தகத்தோடு வந்து நிற்கும் சித்தி, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக வாங்கித் தருகிறேன். அதில் பாதிக்குமேல் அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்தது. அந்தத் தோல்விகளிலிருந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வயதைச் சொல்லி வாங்க முடியாது. செருப்புக் கடையில்கூட வயதைக் கேட்பதில்லை, காலைக் காட்டச் சொல்கிறார்கள்.

என் அத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். 'நாற்பது வயது, சொந்தத் தொழில்' என்று கணக்குப் போட்டு மூன்று வருடம் தொடர்ந்து முன்னேற்ற நூல்கள் வாங்கிக் கொடுத்தேன். மூன்றும் வரிசையாக அவர் செல்போனைச் சாய்த்து வைக்கப் பயன்பட்டன. தப்பு என்னுடையது. அவர் எப்படி ஆக வேண்டும் என்று நான் நினைத்தேனோ, அந்த ஆளுக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். நிஜ ஆள் தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் தக்காளிச் செடிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் நிற்கிறவர். அதைக் கவனித்த பிறகு மசனோபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' வாங்கிக் கொடுத்தேன். உழாமல், ரசாயன உரம் போடாமல், பூச்சிமருந்து அடிக்காமல் நெல் விளைவித்த ஜப்பானியர் எழுதியது. இரண்டே வாரத்தில் முடித்துவிட்டார். "உழாம விட்டா நம்ம ஊர்ல கோரைதான் முளைக்கும், இவரு என்ன சொல்றாரு?" என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். சண்டை போடும் அளவுக்குப் படித்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

5 வயதுக்குப் படிக்கப்போவது நீங்கள்தான். அதனால் உங்கள் வாய்க்கு எது சுகமாக வருகிறது என்று பாருங்கள். கடையிலேயே நின்று இரண்டு பக்கம் மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறினால் வைத்துவிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு இன்னும் மோசமாக இடறும். படம் கதையைச் சொல்கிறதா, அல்லது சும்மா வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்களா என்பது அடுத்தது. தூளிகா, தாரா இரண்டும் சென்னைப் பதிப்பகங்கள்தான், படங்களுக்காகவே வாங்கலாம். தூளிகாவில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள இருமொழிப் புத்தகங்களும் உண்டு, தமிழ் மட்டும் உள்ளவையும் உண்டு. நான் தமிழ் மட்டும் உள்ளதைத்தான் எடுப்பேன். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் கண், இரண்டு வரி இருந்தால் ஆங்கில வரிக்குத்தான் ஓடுகிறது. இதை இரண்டு பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன். அப்புறம் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள். படமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சந்தம் இழுத்துக்கொண்டு போகும்.

9 வயதுப் பையன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் அதிகம் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குத் தமிழில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எழுத்து தெரியும், ஆனால் சொல் நீளம். 'நடந்துகொண்டிருந்தார்களாம்' என்று ஒரு சொல் வந்தால், கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். அதனால் கதை எளிதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒரு வரியில் எத்தனை சொற்கள் என்று பார்க்க வேண்டும். அட்டையில் '8 முதல் 10 வயது வரை' என்று அச்சடித்திருப்பதை நம்பி, என் அக்காவின் சின்ன மகனுக்கு ஒரு ராஜா ராணிக் கதைத் தொகுப்பு வாங்கினேன். முதல் வாக்கியமே ஆறு வரி. அவன் மூன்றாவது வரியில் தண்ணீர் குடிக்க எழுந்து போனான், திரும்பி வரவே இல்லை.

அவனைத் திருப்பிக் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற இணையதளம். அங்கே கதைகளை வயதால் பிரிக்காமல், வாசிக்கும் திறனைப் பார்த்து நிலை 1 முதல் நிலை 4 வரை பிரித்திருக்கிறார்கள். தமிழில் நிறைய இருக்கின்றன, இலவசம், அச்சடித்தும் கொள்ளலாம். 9 வயதுப் பையனுக்கு நிலை 1 கதையைக் கொடுக்கும்போது அந்த நம்பரைச் சொல்லாதீர்கள். சொன்னால் 'இது எல்கேஜி' என்று தள்ளிவிடுவான். தங்கைக்குக் கதை படித்துக் காட்டும் வேலையை அவனிடம் ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் 5 வயதுத் தங்கை இருப்பது பெரிய வசதி. எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972ல் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய முத்து காமிக்ஸ், 1984ல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டும் இன்னும் வருகின்றன. 'படம் பார்க்கிறான், படிக்கவில்லை' என்று அக்கா புலம்பினாள். குமிழிக்குள் ஒரே மூச்சில் படிக்கிற அளவு வசனம், அடுத்த படத்தில் என்ன ஆயிற்று என்ற துடிப்பு, இந்த இரண்டைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு எச்சரிக்கை: சில இதழ்கள் இப்போது பழைய ரசிகர்களான பெரியவர்களுக்காகவே வருகின்றன, துப்பாக்கியும் ரத்தமும் அதிகம். புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

15 வயது மகளுக்கு 'தமிழ் படிக்கவே மாட்டேன் என்கிறாள்' என்ற மனக்குறையோடு போகாதீர்கள். அவள் வாசகிதான், வேறு மொழியில் வாசகி. அவளுக்குப் பிடித்த வகையிலேயே தமிழில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடுத்துப் பாருங்கள். சர்வாதிகார ஆட்சி, காணாமல் போன கணவனைத் தேடும் நிலா, அவளோடு சேர்ந்துகொள்ளும் ஜீனோ என்ற இயந்திர நாய். ஜீனோவைப் பிடித்துவிட்டால் அவளே இரண்டாம் பாகம் கேட்பாள், 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது. 'பொன்னியின் செல்வ'னை அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பேன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. அத்தியாயக் கடைசியில் வைக்கும் கொக்கி அபாரம், ஆனால் நடுநடுவே வருகிற வர்ணனைகளில் புதிதாகத் தமிழுக்கு வருகிறவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். படம் பார்த்துவிட்டு அவளாகக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். அப்போது ஒரு விஷயம்: கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். ஐந்து பாகத்தையும் ஒரே தடிப் புத்தகமாகப் பொடி எழுத்தில் கட்டிய மலிவுப் பதிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதைப் படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சில் அம்மிக்கல்.

சினிமாவிலிருந்து புத்தகத்துக்கு இழுத்துவருவது எங்கள் வீட்டில் ஒருமுறை நன்றாக வேலை செய்தது. அக்காவின் பெரிய மகனுக்கு அப்போது 16. 'அசுரன்' படத்தை மூன்று தடவை பார்த்திருந்தான். அது பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து வந்தது என்று சொல்லி, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கொலை செய்துவிட்ட பையனும் அப்பாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் எட்டு நாள். படத்தில் இருந்த பிளாஷ்பேக் புத்தகத்தில் இல்லை என்று கோபப்பட்டான். அடுத்த நாளே, "சித்தி, இதுல அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னுகூட எழுதியிருக்காரு" என்றான். கரிசல் பேச்சு எங்களுக்குத் தூரமில்லை என்பதும் ஒரு காரணம். சென்னையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்த நடை முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம்.

நடுவில் 12, 13 வயதுக்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்துபோனால் 'டோட்டோ-சான்' ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெட்சுகோ குரோயாநாகி 1981ல் எழுதிய பள்ளி நினைவுகள், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது, விலையும் குறைவு. ரயில் பெட்டிகளில் வகுப்பு நடத்திய டோக்கியோ பள்ளி. சேர வந்த முதல் நாளே நான்கு மணி நேரம் அந்தச் சிறுமி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர். குழந்தைக்கு என்று வாங்கி நீங்கள் படித்து முடிப்பீர்கள். இரா. நடராசனின் 'ஆயிஷா'வும் கேள்வி கேட்கும் ஒரு பெண்ணின் கதைதான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். அதன் முடிவு கனமானது. பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்கள் படித்துவிடுங்கள், முடித்ததும் பேச ஆள் வேண்டும்.

கணவருக்கு யோசிக்கவே வேண்டாம். 'மழைக்காலமும் குயிலோசையும்', மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன் தானே காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். கேமராவோடு காத்திருக்கிறவருக்கு இன்னொரு காத்திருந்தவரின் எழுத்து பிடிக்காமல் போகாது.

மாமனாருக்கு எல்லோரும் உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தைச் சொல்வார்கள். அருமையான புத்தகம், 1940ல் ஆனந்த விகடனில் தொடங்கி 1942ல் அவர் மறையும்வரை எழுதி முடிவுறாமல் நின்றது. ஆனால் தமிழாசிரியர் வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? ஏற்கெனவே படித்த புத்தகத்தை இன்னொரு தடவை பரிசாக வாங்கி, அசட்டுச் சிரிப்பு சிரிக்கிற பெரியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் அவர் அலமாரியை நோட்டம் விடுங்கள். அவர் தொடாத பக்கத்திலிருந்து ஒன்று வாங்குங்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' மாதிரி. காப்பி தமிழர் வீட்டுக்குள் நுழைந்த கதையை, காலைக் காப்பியோடு படித்துவிட்டு உங்களுக்கே வகுப்பெடுப்பார். எழுத்தின் அளவையும் புத்தகத்தின் எடையையும் கையில் வாங்கிப் பாருங்கள். 70 தாண்டியவர்கள் பிடிக்காததால் மூடுகிற புத்தகத்தைவிட, கண் வலித்து மூடுகிறதுதான் அதிகம்.

என் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். ரிட்டயர் ஆன பிறகு பேப்பர் தவிர எதையும் தொடவில்லை. ஆன்மிகப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன், வயதானவர் இல்லையா! அப்புறம் ஒரு நாள் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். மக்களோடு போய் இருந்து, பார்த்து எழுதியவர் அவர். அப்பா அதைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தார். ஓரத்தில் வரிக்கு வரி பெயர்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள், அந்தப் பாத்திரம் யாரை மாதிரி இருக்கிறது, யாருக்குக் கால் புண் ஆறவே இல்லை என்றெல்லாம். எந்தப் பட்டியலிலும் '72 வயதுக்கு உப்பள நாவல்' என்று இருக்காது.

சந்தேகமாக இருப்பவற்றை முதலில் கிளை நூலகத்தில் எடுத்துப் படிக்கவிட்டு, திருப்பிக் கொடுக்க மனம் வராததை மட்டும் வாங்கலாம். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்' ஒன்று, 'ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர்' இன்னொன்று. இரண்டும் ஒன்றுதானே என்று முன்பு நினைத்திருந்தேன். அத்தானின் முன்னேற்ற நூல்களில் ஒன்றை அவர் பட்டறைப் பையன் எடுத்துப்போய்ப் படித்தபோதுதான் ஏன் தனித்தனியாகச் சொன்னார் என்று புரிந்தது. அதனால் படிக்காமல் கிடப்பதைப் பூட்டி வைக்காதீர்கள், வீடு தாண்டிப் போகட்டும்.

கடைசியாக, 3,000 ரூபாயையும் நீங்களே செலவழிக்க வேண்டாம். 500 ரூபாயை 15 வயதுக்காரி கையில் கொடுத்து, என்ன வாங்கினாலும் கேட்க மாட்டேன் என்று சொல்லித் தனியே விடுங்கள். என் அக்காவின் பெரிய மகன் அப்படிப் போய், கண்காட்சி முழுக்கச் சுற்றிவிட்டு வாங்கி வந்தது ஒரு செட்டிநாட்டுச் சமையல் புத்தகம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவன் பொறுப்பு. புளி கொஞ்சம் தூக்கல் என்று அம்மா மட்டும் இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.